ரஸ்தாளிக்கு ஜீன் மாற்றம் வேணுமா, வேண்டாமா?

தொட்டியத்துக்காரன்:
ஆஸ்திரேலியாவில் 2024 பிப்ரவரியில் உலகச் சந்தையில் அதிகம் விக்கிற கேவண்டிஷ் வாழையை ஜீன் மாற்றி அனுமதி கொடுத்துட்டாங்க. பேரு க்யூகேவ்-4. மண்ணுப் பூஞ்சையால வர்ற பனாமா வாடல் நோயோட டிஆர்4 வகையைத் தாங்குமாம். நம்ம பக்கம் வாடலுக்குப் பயந்தே பலர் ரஸ்தாளியை விட்டுட்டு பூவனுக்கு மாறியாச்சு. இதே மாதிரி ஒரு ரஸ்தாளி வந்தா என்ன கெட்டுப்போகும்? வேண்டாம்கிறவங்க காரணத்தோட சொல்லுங்க.

நாட்டுவாழை:
காரணம் இருக்கு. ஒரே ரகத்தைக் கண்ணுக்கெட்டின தூரம் நட்டதாலதான் இந்த நோய் இவ்வளவு பெருத்துச்சு. ஏற்றுமதிச் சந்தையை ஆண்ட க்ரோ மிஷேல்ங்கிற வாழை ரகம், இதே பூஞ்சையோட முதல் வகைகிட்ட தோத்து 1950களில் ஓய்ஞ்சுபோச்சு. அது இடத்துக்கு வந்த கேவண்டிஷை டிஆர்4 அடிக்குது. 2019-ல் கொலம்பியா வரைக்கும் போயிடுச்சு, பீகாரிலும் இருக்கு. இப்ப அதே கேவண்டிஷுக்குள்ள ஒரே ஒரு ஜீனை வச்சு மறுபடி அதையே நடுவீங்க. பூஞ்சை சும்மா இருக்குமா?

விதையில்லாக்கனி:
அண்ணா, க்ரோ மிஷேல் கதை சரிதான். ஆனா வழி என்ன? நெல்லுன்னா நோயைத் தாங்குற ரகத்தோட கலப்பு செஞ்சு, சந்ததி சந்ததியா பொறுக்கி எடுத்துடலாம். நாம தின்னுற வாழைக்கு விதையே இல்லை. பெரும்பாலும் மூணு தொகுதி குரோமோசோம், மகரந்தம் தூவினாலும் விதை பிடிக்கிறது அபூர்வம். ஹோண்டுராஸில் பாடுபட்டு எடுத்த எஃப்ஹெச்ஐஏ-01 கலப்பு ரகம் நோயைத் தாங்குது, பழம் புளிக்குது. ரஸ்தாளி ருசி மாறாம எதிர்ப்பு மட்டும் வேணும்னா ஜீனைத்தான் தொடணும்.

க்யூகேவ்-4-ல் வச்ச ஆர்ஜிஏ2 ஜீனும் வாழையோடதுதான், மலாக்கென்சிஸ்ங்கிற காட்டு வாழையிலிருந்து எடுத்தது. நோய் மண்டின நிலத்தில் மூணு வருஷம் வச்சுப் பார்த்தப்ப சாதா கேவண்டிஷில் மூணில் ரெண்டு பங்குக்கு மேல நோய் வந்துச்சு. ஜீன் ஏத்தின வகைகளில் ஒண்ணில் ஒரு மரம்கூட நோயில் விழலை.

நாட்டுவாழை:
அது டிஆர்4-க்கு எதிரா பார்த்தது. ரஸ்தாளியைக் கொல்றது முதல் வகை. ஆஸ்திரேலியாக்காரன் மருந்து நம்ம நோய்க்கு எப்படிப் பொருந்தும்?

விதையில்லாக்கனி:
பொருந்தும்னு நான் சொல்லலை. ரஸ்தாளிக்கே தனியா வேலை நடந்திருக்கு. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் பூஞ்சைக்கு உயிர்நாடியான ஜீன்களை அடக்குற ஆர்என்ஏங்கிற மூலக்கூறை வாழையே தயாரிக்கிற மாதிரி மாத்திக் காட்டினாங்க. 2014-ல் வெளியாச்சு. எடுத்துக்கிட்ட ரகம் ரஸ்தாளிதான்.

நாட்டுவாழை:
பசுமைக்குடில் தொட்டியில்! வயலுக்கு வந்துச்சா?

விதையில்லாக்கனி:
வரலை. 2010-ல் ஜீன் மாற்றின பிடி கத்தரிக்காயை நிறுத்தி வச்ச நாட்டில் எப்படி வரும்?

லால்குடி அக்கா:
ரெண்டு பேரும் ஆய்வகத்திலேயே நில்லுங்க. தோட்டத்தில் நடக்கிறது வேற. அடி இலை ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு மடிஞ்சு, பாவாடை மாதிரி மரத்தைச் சுத்தித் தொங்கும்போதுதான் நமக்குத் தெரியுது. அதுக்குள்ள பூஞ்சை வேர் வழியா ஏறி நீர்க்குழாயை அடைச்சிருக்கும். அந்த மரத்துப் பக்கக் கன்றையே தோண்டி அடுத்த ஊருக்கு வித்துடறாங்க. வாங்குறப்ப கன்றோட அடிக்கட்டையை ஒரு சீவு சீவிப் பாருங்க. வெள்ளையா இருக்கணும். செம்பழுப்பு இழை ஓடினா தள்ளுங்க. வாடல் வந்த வயலில் வாழைமேல வாழை போடாம நெல்லுக்கு விடுங்க. ஜீன் வர்ற வரைக்கும் இதையாவது செய்யலாம்ல?

விதையில்லாக்கனி:
அக்கா, கண்டிப்பா செய்யணும். ஆனா அந்தப் பூஞ்சை வித்து மண்ணில் பல பத்து வருஷம் கிடக்கும். நெல்லு போட்டா குறையும், ஒழியாது. எங்கெங்க ஒட்டிக்கிட்டிருக்குன்னு யாருக்குத் தெரியும்? இன்னொண்ணு: வெளி டிஎன்ஏ சேர்க்காத ஜீன் திருத்தத்துக்கு 2022-லேயே இங்க விதியைத் தளர்த்திட்டாங்க. ஆர்ஜிஏ2 கேவண்டிஷிலும் ஏற்கெனவே இருக்கு, தூங்குது. அதைத் தட்டி எழுப்புற வேலைதான் இப்ப ஓடுது. அண்ணா, இது உங்க "அந்நிய ஜீன்" பேச்சுக்கே இடம் தராது.

நாட்டுவாழை:
அந்நியம்னு நான் எங்க சொன்னேன்? ஒத்தை ஜீன்னு சொன்னேன். எழுப்பினாலும் ஏத்தினாலும் ஒண்ணு ஒண்ணுதான். ரெண்டு மூணு எதிர்ப்பை அடுக்கினதைக் கொண்டாங்க, பேசலாம். அப்புறம் பூவன், கற்பூரவள்ளி, ஏலக்கி, மொந்தன்னு கலந்து நடுற பழக்கத்தை இந்த ரகம் வந்து அழிச்சிடாதுன்னு யாராவது சொல்லுங்க.

தொட்டியத்துக்காரன்:
கற்பூரவள்ளிக்கும்தான் வாடல் வருது அண்ணே, கலந்து நட்டா மட்டும் தப்பிச்சிடுமா? அடுக்கினது வரட்டும்ங்கிறது நியாயம். எனக்கு ஒரே கேள்விதான். வாழைக்கு விதை அதோட கன்று. இந்த ரகம் வந்தா, என் தோட்டத்துப் பக்கக் கன்றை எடுத்து மச்சானுக்குக் கொடுக்கலாமா, இல்லை ஒவ்வொரு நடவுக்கும் கம்பெனி வாசலில் நிக்கணுமா?

விதையில்லாக்கனி:
யார் வெளியிடுறாங்கங்கிறதைப் பொறுத்தது. திருச்சி வாழை ஆராய்ச்சி மையம் மாதிரி அரசு நிறுவனம் கொடுத்தா ஒரு கணக்கு, காப்புரிமையோட தனியார் வந்தா வேற கணக்கு.

நாட்டுவாழை:
இதை மொதல்லயே கேட்டிருக்கணும்.