குயின் ஜோடியைக் கவிழ்த்து வைத்த இரவு

ஈசூன் தம்பி:
போன தீபாவளி இரவு, மாமா வீட்டில் போக்கர் ஆட்டம், 12 பேர், ஆளுக்கு 50 வெள்ளி. பரிசு மூன்று பேருக்குத்தான்: 300, 180, 120. நாலு பேர் மிச்சம். பிளைண்ட் (சீட்டுப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் முறை வைத்துக் கட்டுவது) 500-1000, என்னிடம் 9,000 சிப்ஸ் (பந்தய வில்லை), இருப்பதிலேயே குறைவு. அதுவரை பொறுமையாக ஆடித்தான் அங்கே வந்தேன்.

அதிக சிப்ஸ் வைத்திருந்த மாமா ஆல்-இன், அதாவது கையில் இருந்தது அத்தனையும் போட்டார். கூட்டாளி ஒருவர் கால் பண்ணி ஈடு கட்டினார். என் சீட்டின் நுனியைத் தூக்கிப் பார்க்கிறேன், இரண்டு குயின். கூட்டாளி தோற்றால் எனக்கு 120 உறுதி என்று கணக்குப் போட்டுக் கவிழ்த்து வைத்துவிட்டேன். மாமா கையில் ஏஸ்-ஒன்பது, கூட்டாளி கையில் இரண்டு பத்து. ஃபிளாப்பின் (மேசையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டு) மூன்றாவது சீட்டு ஆர்ட்டின் குயின். முறுக்குத் தூள் சிந்திக் கிடந்த பிளாஸ்டிக் விரிப்பில் அது வந்து விழுந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. டர்னில், அதாவது நாலாவது பொதுச் சீட்டில், மாமாவுக்கு ஏஸ் வர, கூட்டாளி வெளியே. நானும் உள்ளே போயிருந்தால் மூன்று குயின், என் 9,000 அங்கேயே 27,000 ஆகியிருக்கும். கடைசியில் மூன்றாவது இடம்.

உட்லண்ட்ஸ் அண்ணன்:
தம்பி, நீங்கள் ஆடாமல் விட்டதற்கு வருத்தப்படுகிறீர்கள். நான் எல்லாம் சரியாக ஆடித் தோற்றவன். ஏஸ் ஜோடி சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒரு முறை வரும். வந்தது. எதிராளி கிங் ஜோடியோடு எல்லாவற்றையும் தள்ளினார். கடைசிப் பொதுச் சீட்டான ரிவர் ஒன்றுதான் பாக்கி, அவரைக் காப்பாற்ற, நாங்கள் பார்க்காத 44 சீட்டில் இரண்டே கிங். மோதிர விரலால் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தார். கிளாவர் கிங் விழுந்ததும் தட்டுவது நின்றது. அந்தச் சத்தம் நின்றதுதான் எனக்கு மறக்கவில்லை. கடைசிப் பேருந்தும் போய்விட்டது, செம்பவாங்கிலிருந்து வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

தெம்பனிஸ் அக்கா:
நானும் ஒரு முறை நல்ல சீட்டுக்குக் காத்திருந்தே கரைந்து, கடைசியில் ஜாக்-நாலை வைத்துத் தள்ள வேண்டியதாயிற்று.

ஆனால் ஈசூன் தம்பி செய்தது தப்பு, சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாலு பேர் மேசையில் பிளைண்டுக்கே சுற்றுக்கு 1,500 போகும். 9,000 என்றால் ஆறு சுற்று, 24 ஆட்டம். பிளைண்ட் ஏறினால் அதுவும் இல்லை. குயின் ஜோடியோ அதற்கு மேலோ வருவது சுமார் 74 ஆட்டத்துக்கு ஒன்று. அப்புறம் எதற்காகக் காத்திருக்கிறீர்கள்? நிதானம் என்பது மோசமான சீட்டைத் தூக்கிப் போடுவது, நல்ல சீட்டைப் பார்த்துப் பயப்படுவது இல்லை. 2003 உலகப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டியில் 839 பேர். கடைசி இருவரில் சாம் ஃபர்ஹாவுக்கு மேசைச் சீட்டோடு சேர்ந்து ஒன்பதில் ஒரு ஜோடி, கிறிஸ் மனிமேக்கர் கையில் ஒன்றுமே இல்லை. மனிமேக்கர் ஆல்-இன் போட்டார், ஃபர்ஹா விட்டுவிட்டார். கடைசியில் பட்டம் மனிமேக்கருக்கு. கையிருப்பு 10 பெரிய பிளைண்டுக்குக் கீழே போனால் எல்லாவற்றையும் தள்ளுங்கள் அல்லது விடுங்கள். மூன்றாம் இடத்தைக் குறிவைத்து ஆடாதீர்கள்.

பொங்கோல் வாசி:
அக்கா, மனிமேக்கர் கதை இங்கே பொருந்தாது. அங்கே எதிரே ஒருவர், இங்கே இரண்டு பேர் ஏற்கெனவே உள்ளே. குயின் ஜோடியை ஏஸ் ஒன்று வைத்திருப்பவர் தனியாகவே பத்துக்குக் கிட்டத்தட்ட மூன்று முறை அடித்துவிடுவார், பத்து ஜோடியும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். தோற்றால் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டும். நானாக இருந்தாலும் விட்டிருப்பேன்.

அப்புறம், வீட்டில் சொந்தக்காரர்களோடு ஆடுவது சிங்கப்பூரின் 2022 சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி சரிதான். ஆனால் வீட்டுக்காரர் மேசைக்கென்று தனியாகக் காசு எடுக்கக் கூடாது. புளோக்குக் கீழே உட்கார்ந்தும் ஆடாதீர்கள்.

ஈசூன் தம்பி:
மாமா ஒரு காசு எடுக்கவில்லை, சாப்பாடும் அத்தை சமையல்தான். அக்கா சொன்ன 24 ஆட்டக் கணக்கு அன்றைக்கு என் தலையில் ஓடவே இல்லை, 120 மட்டும்தான் ஓடியது. குயின் ஜோடியைக் கவிழ்த்தது மாமாவுக்கு இன்னும் தெரியாது. அன்றிரவு என் தோளைத் தட்டி, "நீதான்டா நிதானமா ஆடினே" என்றார்.