மறு: ‘ஓவர்சைட்’டுக்கு மேற்பார்வை போதுமா?

> மேற்பார்வை எல்லா அகராதியிலும் இருக்கிறது. கையில் நல்ல சொல் இருக்கும்போது புதிது எதற்கு? மின்னாளுமைப் பட்டியலில் அதையே போட்டுவிடலாம்.

சென்னை ஐயாவுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

போட்டுவிடலாம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் நம் குழு தமிழாக்கும் மின்னாளுமைச் (கணினிவழி அரசு நிர்வாகம்) சொற்பட்டியலுக்கு வந்திருப்பது தனிச்சொல் இல்லையே. தாமதமான மக்கள்நலக் கணினித் திட்டங்கள் மீது அரசு செலுத்தும் ‘ஓவர்சைட்’ (oversight) என்று முழுத் தொடராக வந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்து அதைப் படிக்கும்போது எனக்கு 2017 மார்ச் மாதம்தான் ஞாபகம் வருகிறது. சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெரு ஆயாக்கள் எல்லாருக்கும் அப்போது ஒரே கேள்வி: “ஏப்ரல் காசு வருமா?” என் அம்மாவும் அதையே கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

நடந்ததைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே முதியோர் உதவித்தொகை, குழந்தை உதவித்தொகை எல்லாம் சமூகப் பாதுகாப்பு முகமை (சாசா) வழியாக வருகின்றன. பணம் கொடுப்பது என்றால் அட்டை, விரல்ரேகை, பயனாளிப் பதிவேடு, வங்கி இணைப்பு எல்லாம் சேர்ந்த பெரிய கணினி அமைப்பு. 2012-இல் அந்தப் பணி கேஷ் பேமாஸ்டர் சர்வீசஸ் என்ற தனியார் நிறுவனத்துக்கு ஐந்தாண்டு ஒப்பந்தமாகப் போனது. 2013 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் செல்லாது என்றது. ஆனால் ஏழைகளின் பணம் நின்றுவிடக் கூடாதே. அதனால் 2014 ஏப்ரலில் தன் தீர்ப்பை நிறுத்திவைத்துவிட்டு, புதிய ஒப்பந்தப்புள்ளி கோரச் சொன்னது, அறிக்கையும் கேட்டது. 2015 நவம்பரில் சாசா என்ன சொன்னது? புதிய ஒப்பந்தம் வேண்டாம், 2017 மார்ச் 31-க்குள் நாங்களே பொறுப்பேற்றுக்கொள்கிறோம் என்றது. அந்த வாக்கை நம்பி நீதிமன்றம் அத்தோடு கேட்பதை நிறுத்திக்கொண்டது.

அங்கேதான் கெட்டது. கெடுவுக்குள் முடியாது என்பது 2016 ஏப்ரலிலேயே அதிகாரிகளுக்குத் தெரியும். அமைச்சருக்கு அக்டோபரில்தான் சொன்னார்களாம். நீதிமன்றத்தின் காதுக்கு எட்டியது 2017 பிப்ரவரிக் கடைசியில். சுமார் 1.7 கோடி உதவித்தொகைகள் அப்போது ஒரு மாதத் தொலைவில் தொங்கிக்கொண்டிருந்தன. பிளாக் சாஷ் என்ற மக்கள் அமைப்பு வழக்குப் போட்டது. மார்ச் 17 அன்று தீர்ப்பு: பழைய ஏற்பாடு இன்னும் 12 மாதம் தொடரட்டும், ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சத்தியப் பிரமாணத்தோடு அறிக்கை வர வேண்டும், தலைமைத் தணிக்கையாளரும் வெளி வல்லுநர்களும் அதைச் சரிபார்க்க வேண்டும். மறு ஆண்டு, வழக்குச் செலவில் 20 விழுக்காட்டை அமைச்சரே சொந்தக் கையிலிருந்து கட்ட வேண்டும் என்றும் ஆணையிட்டது.

இதில் மேற்பார்வை எங்கே குறைந்தது, சொல்லுங்கள் ஐயா. வேலை செய்த இடத்தில் மேற்பார்வையாளர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு ஏப்ரலிலேயே எல்லாம் தெரியும். வெளியிலிருந்து கேட்கத்தான் ஆள் இல்லை. மேற்பார்வை வேலைக்கு உள்ளே நடப்பது; நமக்கு வேண்டியது வேலைக்கு வெளியே நிற்பவருடைய உரிமை.

> அப்படியானால் கண்காணிப்பு?

மொரீஷியஸ், போர்ட் லூயி அக்காவுக்கு: அந்தச் சொல் என் நெஞ்சில் ஒட்டவில்லை. இலங்கையிலும் மலாயாவிலும் நம் ஆட்களை வேலை வாங்கியவர் கங்காணி. அது கண்காணியின் மருவல்தான். நம் இரண்டு நாட்டிலும் கரும்புத் தோட்டத்தில் அவருக்குச் சர்தார் என்று பெயர், பார்வை அதே பார்வை. மேலே இருப்பவன் கீழே இருப்பவனைப் பார்ப்பது. இன்றைக்கும் கண்காணிப்பு என்றால் தெருமுனைக் கேமராதான். உதவித்தொகை வாங்கும் ஆயாவின் பத்து விரலையும் பதிவுசெய்தார்களே, அதற்கு வேண்டுமானால் கண்காணிப்பு என்று சொல்லலாம். அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களை நோக்கித் திரும்புகிற சொல் வேறாக இருக்கட்டும்.

தணிக்கையும் போதாது. அது பெரும்பாலும் காரியம் முடிந்தபின் வருவது.

என் முன்மொழிவு: தொடர்கேட்பு.

நம் பேச்சிலேயே இது இருக்கிறது. ஒரு சொத்து பாழானால் ‘கேட்பாரற்றுக் கிடக்கிறது’ என்கிறோம். யாரும் பார்க்காததைச் சொல்லவில்லை, கேட்க உரிமையுள்ளவர் இல்லாததைச் சொல்கிறோம். கேள் என்பதற்கு வினவு என்றும் பொருள், காதுகொடு என்றும் பொருள். இரண்டும் இந்தப் பணிக்கு வேண்டும். ஆடிட் என்ற சொல்லின் லத்தீன் வேரும் காதால் கேட்பதுதான். ஒரு காலத்தில் கணக்கை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். முன்னால் ‘தொடர்’ ஏன் என்றால், நீதிமன்றம் கேட்பதை நிறுத்திக்கொண்ட அந்த 2015 நவம்பர்தான் காரணம்.

டர்பனிலிருந்து

---

> கேட்பு என்றாலே எனக்குக் கேட்பு வரைவோலைதான் நினைவு வருகிறது தம்பி. உரிமை கோருவதற்கும் கேட்பு என்று எழுதுகிறார்கள். குழப்பம் வராதா? அதோடு, பொறுப்புக்கூறல் என்று ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறதே?

அக்கா, முதல் குறை சரிதான். தனியாகக் ‘கேட்பு’ என்று எங்கும் விடக் கூடாது. தொடர்கேட்புக் குழு, தொடர்கேட்பு அறிக்கை என்று முழுச்சொல்லாக எழுதினால் வரைவோலை குறுக்கே வராது என்று நினைக்கிறேன்.

இரண்டாவதற்கு எங்கள் அரசியலமைப்பே பதில் தருகிறது. பிரிவு 55(2) நாடாளுமன்றத்தின் தேசியப் பேரவைக்கு இரண்டு கடமைகளைத் தனித்தனியாக வைக்கிறது: நிர்வாகத்தைப் பொறுப்புக்கூற வைப்பது ஒன்று, அதன் மீது இந்த ‘ஓவர்சைட்’டை விடாமல் வைத்திருப்பது இன்னொன்று. பொறுப்புக்கூறல் பதில் சொல்பவர் பக்கத்துச் சொல். தொடர்கேட்பு கேட்பவர் பக்கத்துச் சொல். பிரிட்டனில் யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகைத் திட்டத்தை அங்குள்ள தேசியத் தணிக்கை அலுவலகம் 2013-இல் ஆராய்ந்தபோது, 3.4 கோடி பவுண்டு கணினிச் செலவு வீணானதையும், நல்ல செய்தியை மட்டுமே மேலே அனுப்பும் பழக்கத்தையும் எடுத்துச் சொன்னது. அங்கே அறிக்கைகளுக்குப் பஞ்சமில்லை. கூறலை மட்டும் வைத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும்.

சென்னை ஐயா, மேற்பார்வையை நீக்க வேண்டாம். ‘சூப்பர்விஷன்’ வரிசைக்கு நகர்த்தினால் போதும். அதே தொடரில் ‘தாமதமான திட்டம்’ என்றிருப்பதையும் ‘கெடு தவறிய திட்டம்’ என்று மாற்றக் கேட்கிறேன். தாமதம் மழையாலும் வரும். கெடு என்றால் அதைக் கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார்.