பாடுறவன் கையைப் பிடிச்சா அது காதலா?

ஓட்டைப்பேனா:
நேத்து இங்கே ஒருத்தர் போட்ட பதிவைப் படிச்சு எரிச்சல் தாங்கல. டப்ளின்ல ஏதோ நிகழ்த்துகலை பாத்தாராம். ஒருத்தன் ஐரிஷ்ல 'டோனல் ஓக்'னு ஒரு பழம்பாட்டைப் பாடுறான், இன்னொருத்தன் அவன் கையைப் பிடிச்சு மெதுவாச் சுத்துறான். உடனே "காலனியம் புதைத்த தன்பால் வேட்கை"ன்னு தீர்ப்பு எழுதிட்டார். ஐயா, அதுக்குப் பேர் ஷான் நோஸ், ஐரிஷ்காரங்களோட பழைய பாட்டு முறை. பக்கவாத்தியம் கிடையாது, தனிக் குரல். பாடுறவர் கண்ணை மூடிக்குவார், பக்கத்துல உக்காந்திருக்கிறவர் அவர் கையைப் பிடிச்சு, கிணத்துல ராட்டினம் சுத்துற மாதிரி பாட்டோட போக்குக்குச் சுத்துவார். அயர்லாந்து மேற்குக் கரையில, கானமாரா பக்கம் கிழவனும் கிழவனும் பண்ற வேலை. மரபு!

மழைக்காகிதம்:
அந்த 'ஒருத்தர்' நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். மூணாவது வரிசையில உக்காந்து பாத்தேன். பாட்டு முடிஞ்சும் அவன் கையை விடல. அப்போ ஒரு பெண் எழுந்து, பிரிட்டிஷ்காரன் போட்ட 1885ஆம் வருஷச் சட்டத்தோட 11ஆம் பிரிவை வாசிக்கிறா. பொது இடமோ தனி இடமோ, ஆணும் ஆணும்னா ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை. டப்ளின்ல பிறந்த எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டை 1895ல உள்ளே தள்ளின அதே பிரிவு. அவ வாசிச்சு முடிக்கிற வரைக்கும் ரெண்டு கையும் அப்படியே இருந்துச்சு. விரல் நடுங்குறது எனக்குத் தெரிஞ்சது. ராட்டினமாம்!

ஓட்டைப்பேனா:
விரல் நடுக்கத்துக்கு நூறு காரணம் இருக்கும். குளிரா இருக்கலாம். நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. கையைப் பிடிச்சது மரபா, இல்லையா?

பறைமேளம்:
பேனா அண்ணே, கையை விட்டுட்டுப் பாட்டைக் கேளுங்க. டோனல் ஓக் ஒரு பொண்ணோட புலம்பல். வர்றேன்னு சொல்லிட்டு வராமப் போனவன்கிட்ட, என் கிழக்கையும் மேற்கையும் எடுத்துக்கிட்டே, கடவுளையும் எடுத்துக்கிட்டியோன்னு பயமா இருக்குன்னு அழுறா. அதை ஒரு ஆண், இன்னொரு ஆண் கையைப் பிடிச்சுக்கிட்டுப் பாடினா அர்த்தம் மாறாதா?

ஓட்டைப்பேனா:
மாறாது. அங்கே ஆம்பளைங்க பொம்பளைப் பாட்டைக் காலங்காலமாப் பாடுறாங்க. கானமாராவுல கார்னாங்கிற ஊர்ல 1919ல பிறந்த பாடகர் ஜோ ஹீனி 'மூன்று மரியாள்களின் ஒப்பாரி' பாடிப் பேர் வாங்கினவர். அதுக்காக அவர் இயேசுவுக்குத் தாயாயிட்டாரா? நம்மாழ்வார் பராங்குச நாயகியாப் பாடலையா?

பழையசோறு:
ஆழ்வாரை எதுக்கு இழுக்குறீங்க? அது பக்தி. சாராயக்கடைப் பாட்டோட வைக்காதீங்க.

பறைமேளம்:
வந்துட்டாரு. "ஒப்பாரி எல்லாம் கலையா"ன்னு போன வருஷம் கேட்டவருதானே நீங்க?

பழையசோறு:
அந்த இழையில பாதியிலே ஓடினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும்.

டப்ளின்வாசி:
ஒன்பது வருஷமா இங்கே இருக்கேன், ஒண்ணு சொல்லட்டுமா? எல்லாத்துக்கும் வெள்ளைக்காரன் தலையிலயே போடாதீங்க. 1922ல அயர்லாந்துக்குத் தனி அரசு வந்தாச்சு. அந்தச் சட்டத்தைத் தூக்கினது 1993ல, கணக்குப் போட்டா 71 வருஷம். அதை எதிர்த்து டேவிட் நாரிஸ்னு ஒருத்தர் வழக்குப் போட்டார். 1983ல இவங்க உச்ச நீதிமன்றமே கிறிஸ்தவ நெறியைச் சொல்லி, மூணுக்கு ரெண்டுன்னு தள்ளிடுச்சு. ஸ்ட்ராஸ்பர்க்ல இருக்கிற ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போய் 1988ல ஜெயிச்சார். இசையும் அப்படித்தான். நாலு பேர் காசு போட்டு ஆடணும்னா உரிமம் வேணும்னு 1935ல சட்டம் போட்டது லண்டன் இல்ல, டப்ளின். அதைக் கையில வெச்சுக்கிட்டுப் பாதிரியாரும் போலீஸும் வீட்டுக் கூடத்துல ஆடினவங்களைக்கூட விரட்டினாங்க.

மழைக்காகிதம்:
அதுதானே காலனியப் பாரம்பரியம்! சட்டம் எழுதினவன் கப்பலேறிட்டான், இவங்க அதைப் பெட்டியில பூட்டிப் பத்திரமா வெச்சுக்கிட்டாங்க. நம்ம ஊர்ல இதே மாதிரி இருந்த 377ஆம் பிரிவு என்னவாம்? 1860ல வந்தது, 2018 வரைக்கும் நாமளும் கட்டிக்கிட்டு அழலையா? மேடையில இதைத்தான் காட்டினாங்க.

ஓட்டைப்பேனா:
சட்டம், நீதிமன்றம், 377 எல்லாம் ஒத்துக்கிட்டேன்னு வெச்சுக்கங்க. கை?

பறைமேளம்:
ரோஜர் கேஸ்மெண்ட்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? காங்கோவுல ரப்பருக்காக நடந்த கொடுமையை 1904ல உலகத்துக்குச் சொன்ன ஆள். அதே வருஷம் ஆன்ட்ரிம் பள்ளத்தாக்குல ஐரிஷ் பாட்டுக்கும் மொழிக்கும் விழா எடுக்கக் கூட நின்னவர். ஐரிஷ் விடுதலைக்கு நின்னதுக்காக 1916ல பிரிட்டிஷ் அரசு அவரைத் தூக்குல போட்டுச்சு. கருணை மனு பலிக்கக் கூடாதுன்னு, ஆண்களோட பழகினதை எழுதி வெச்ச டயரிப் பக்கங்களை அரசாங்கமே சுத்துக்கு விட்டுச்சு. பாட்டு, வேட்கை, சாம்ராஜ்யம் மூணும் ஒரே ஆளோட கழுத்துல.

பழையசோறு:
அந்த டயரியே பிரிட்டிஷ்காரன் ஜோடிச்சதுன்னு படிச்சேனே.

பறைமேளம்:
2002ல கையெழுத்து நிபுணர் பாத்து அவரோடதுதான்னு சொல்லியாச்சு. இன்னும் எந்தக் காலத்துல இருக்கீங்க?

பழையசோறு:
நிபுணர் சொன்னா வேதவாக்கா? பறை இழையிலயும் இப்படித்தான் ஏதோ ஒரு நிபுணரைக் கூட்டிட்டு வந்தீங்க.

டப்ளின்வாசி:
ஆரம்பிச்சுட்டாங்கய்யா.

ஓட்டைப்பேனா:
டயரியில கையெழுத்து, என் கேள்வியில கை. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க. எங்க ஊர்ல ரெண்டு ஆம்பளைங்க தோள்ல கை போட்டு, விரல் கோத்துக்கிட்டுத் தேர் பாக்கப் போவாங்க. யாரும் கட்டுரை எழுதல.

மழைக்காகிதம்:
எழுதலைங்கிறதாலேயே எதுவும் இல்லைன்னு ஆயிடுமா? அந்த ரெண்டு பேர்கிட்டே நீங்க கேட்டீங்களா?

ஓட்டைப்பேனா:
தேர் பாக்கப் போறவனை நிறுத்தி விசாரிக்கச் சொல்றீங்க. சரி, நிகழ்வோட காணொளி இருந்தாப் போடுங்க. நானே பாத்துச் சொல்றேன்.

மழைக்காகிதம்:
உள்ளே படம் எடுக்க விடல.

ஓட்டைப்பேனா:
அதானே பாத்தேன். ஆதாரம் கிடையாது, விரல் நடுக்கம் மட்டும் இருக்கு. ஷான் நோஸ்ல கையைப் பிடிக்கிறது மரபா, இல்லையா? ஒரே வார்த்தையில பதில் சொல்லுங்க.

மழைக்காகிதம்:
மரபுதான். அதனாலதான் அந்தக் கையை எடுத்து மேடையில வெச்சாங்க.

ஓட்டைப்பேனா:
'மரபுதான்'னு அவரே எழுதிட்டார். எல்லாரும் படம்பிடிச்சு வெச்சுக்கங்க, நாளைக்குத் திருத்திடுவார்.

பழையசோறு:
ஆழ்வார் விஷயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.