சென்னைப் பல்கலைக்கழகம்: ஆராய்ச்சிக் கூடமா, தேர்வு அலுவலகமா?

கூவக்கரை:
சென்னைப் பல்கலைக்கழகத்தை மாபெரும் ஆராய்ச்சிப் பல்கலை என்று போற்றும் அறிமுகக் குறிப்பு ஒன்று என் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு நாட்களாகச் சுற்றுகிறது. ஆறு வளாகங்கள், அறுபதுக்கும் மேற்பட்ட துறைகள், கட்டடக்கலைஞர் சிஷோல்ம் 1870களில் கட்டிய செனட் இல்லத்தின் படம், கூடவே சர் சி.வி. ராமன், வானியற்பியல் அறிஞர் சந்திரசேகர் என்று பெயர் வரிசை. பெருமைப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ராமனுக்கு நோபல் பெற்றுத் தந்த வேலை கல்கத்தாவில் நடந்தது. சந்திரசேகர் 1930இல் பட்டத்தை வாங்கிக்கொண்டு கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறினார். நாம் கொடுத்தது பட்டம், ஆராய்ச்சி நடந்தது வெளியூரில்.

இதில் வியப்பு எதுவும் இல்லை. 1857 செப்டம்பர் 5 அன்று சட்டம் போட்டுத் தொடங்கியது ஒரு தேர்வு அலுவலகத்தைத்தான். அதற்கு மாதிரி, லண்டன் பல்கலைக்கழகம். பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை; கேள்வித்தாள் எடுப்பதும், திருத்துவதும், பட்டம் கொடுப்பதும் பல்கலையின் வேலை. சொந்தப் பேராசிரியர்களை வைத்துத் துறை தொடங்கவே அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. மாதிரியாக இருந்த லண்டனே 1898இல் சட்டத்தைத் திருத்திப் போதிக்கும் பல்கலையாக மாறத் தொடங்கிவிட்டது. இங்கே இன்றுவரை நிர்வாகத்தின் மூச்சு முழுவதும் செமஸ்டர் தேர்வு, முடிவு, மறுகூட்டல், பட்டமளிப்பு. இணைப்புக் கல்லூரிகள் அத்தனையையும் கழற்றி வேறொரு அமைப்பிடம் கொடுத்துவிட்டு, துறைகளை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அதுவரை அதை ஆராய்ச்சிப் பல்கலை என்று அழைக்காதீர்கள்.

விடைத்தாள் கட்டு:
முப்பது ஆண்டுக்கு மேல் கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கூவக்கரை அவர்கள் 'தேர்வு அலுவலகம்' என்று முகம் சுளிப்பதைப் பார்த்தால், அதன் வாசலில் நின்றவர்கள் யார் என்று யோசிக்கவில்லை போலிருக்கிறது.

இந்தப் பல்கலையின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள்: சி.வை. தாமோதரம் பிள்ளையும் அவருடைய ஆசிரியர் விசுவநாத பிள்ளையும். எங்கே படித்தாய் என்று கேட்காமல், எழுதிக் காட்டு என்று மட்டும் கேட்கும் அமைப்பாக இருந்ததால்தான் அவர்களால் நுழைய முடிந்தது. அந்தத் தாமோதரம் பிள்ளைதான் பிறகு வீரசோழியம் என்ற பழைய இலக்கண நூலையும் சங்க நூலான கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். 1887இல் கலித்தொகை புத்தகமாகக் கையில் கிடைத்ததற்கு உங்கள் கணக்கில் என்ன பெயர்? ஆராய்ச்சி இல்லையா?

இன்று பொன்னேரி அரசுக் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணின் பட்டத்தில் சென்னைப் பல்கலையின் முத்திரை இருக்கிறது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள் அவள். அவளைக் 'கழற்றி' எந்த அமைப்பிடம் கொடுப்பதாக உத்தேசம்?

கூவக்கரை:
ஐயா, பொன்னேரிப் பெண்ணின் பட்டத்தை யாரும் பறிக்கச் சொல்லவில்லை. அதைக் கொடுக்க ஆராய்ச்சிப் பல்கலை எதற்கு என்பதுதான் என் கேள்வி. 'எழுதிக் காட்டு' என்ற அந்த அமைப்பு யாரைத் தோற்கடித்தது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாமே. கணித மேதை ராமானுஜனை! கும்பகோணத்தில் உதவித்தொகை போயிற்று. பச்சையப்பன் கல்லூரியிலிருந்து எழுதிய எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்து இடைநிலைத் தேர்வில், கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் கவிழ்ந்தார். கடைசியில் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கர் வேலை.

விடைத்தாள் கட்டு:
கதையைப் பாதியில் நிறுத்துவது நியாயமில்லை, நண்பரே. வானிலைத் துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கர் 1913 பிப்ரவரியில் ராமானுஜனின் நோட்டுகளைப் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதினார். எழுதியது யாருக்கு? இதே பல்கலையின் பதிவாளருக்கு. ஆராய்ச்சி உதவித்தொகைக்கு முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது விதி. எஃப்.ஏ.கூடத் தேறாத ஒருவருக்காக அந்த விதியைத் தள்ளி வைத்து மாதம் 75 ரூபாய் கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை தர வேண்டும், அவ்வளவே நிபந்தனை. அடுத்த ஆண்டு அவர் கேம்பிரிட்ஜ் போனபோது ஆண்டுக்கு 250 பவுண்டு அனுப்பியதும் இதே பல்கலைதான். இன்றைக்கு எஃப்.ஏ. தோற்ற ஒருவருக்கு உங்கள் கனவு ஆராய்ச்சிப் பல்கலை விண்ணப்பப் படிவமாவது கொடுக்குமா? இணையப் பக்கமே 'தகுதியில்லை' என்று சிவப்பில் எழுதி அனுப்பிவிடும்.

கூவக்கரை:
விதியைத் தள்ளி வைத்ததால் நடந்த நல்லதை விதிக்குக் கிடைத்த சான்றிதழாகக் காட்டுகிறீர்கள். சாமர்த்தியம்தான்.

கிண்டிவாசி:
நான் உயிரியற்பியலில் ஆய்வு மாணவன். நீங்கள் இருவரும் 1913லேயே நிற்கிறீர்கள். என் துறைக்காரரை யாரும் சொல்லவில்லையே என்றுதான் வந்தேன்.

ஜி.என். ராமச்சந்திரன் 1952இல் இங்கே இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தபோது அவருக்கு முப்பது வயதுதான். துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் அழைத்து உட்கார வைத்தார். சென்னை வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி. பெர்னல் பேச்சுவாக்கில் ஒன்றைச் சொன்னார்: கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை. நம் தோல், தசைநாண், எலும்பு எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கும் புரதம் அது. ராமச்சந்திரன் கங்காருவின் வால் தசைநாணை வரவழைத்தார். அதன் நார்கள் மிக ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால் எக்ஸ் கதிர்ப் படம் தெளிவாக விழும். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்: மூன்று இழைகள் சேர்ந்து நிற்கும் அமைப்பு. ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் இருந்தாக வேண்டும். புரதத்தின் செங்கற்களான அமினோ அமிலங்களில் அதுதான் மிகச் சிறியது, நெருக்கமான உள்பக்கத்தில் வேறெதற்கும் இடம் போதாது.

1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவருடனும் சேர்ந்து வெளியிட்டது ராமச்சந்திரன் வரைபடம். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு கோணங்கள் திரும்பும். அணுக்கள் ஒன்றோடொன்று முட்டாமல் இருக்க எந்தெந்தக் கோணங்கள் சாத்தியம் என்று கணக்கிட்டுக் கட்டத்தில் குறித்தார்கள். இன்றைக்கு உலகில் யார் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாலும், அது சரிதானா என்று முதலில் அந்த வரைபடத்தில் வைத்துப் பார்ப்பார்கள். நானும் அதைத்தான் செய்கிறேன். அது பிறந்த ஊரில் உட்கார்ந்து.

இப்போது கூவக்கரை அண்ணனுக்குக் கேள்வி. 1954இல் மதுரை, திருச்சி, கோவைக் கல்லூரிகள் எல்லாம் இந்தப் பல்கலையின் கீழ்தான் இருந்தன. மதுரைப் பல்கலை வந்தது 1966இல். பாரதியாரும் பாரதிதாசனும் 1982இல். இணைப்புச் சுமை ஊர் பரப்பில் உச்சத்தில் இருந்த காலத்தில்தான் ஆராய்ச்சியும் உச்சத்தில் இருந்திருக்கிறது. சுமையை இறக்கி இறக்கி இன்று சென்னையும் சுற்றுவட்டமும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. ஆராய்ச்சி ஏறியிருக்க வேண்டுமே?

கூவக்கரை:
தம்பி, நல்ல அடி. ஆனால் நீங்கள் சொன்ன கதையின் அடுத்த வரியையும் படியுங்கள். முதலியார் 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் துணைவேந்தர். அவர் இறங்கினார். ஓரிரு ஆண்டுகளில் ராமச்சந்திரன் எங்கே போனார்? பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு. இணைப்புக் கல்லூரி ஒன்றுகூட இல்லாத இடம். ஒரு மனிதர் குடை பிடித்துக்கொண்டிருந்த வரைக்கும் நனையாமல் இருந்தோம் என்றால் அதைக் கூரை என்று சொல்ல முடியாது. கூரை போட்ட இடத்துக்கு அவர் போய்விட்டார்.

கல்லூரி எண்ணிக்கையையும் ஊர்ப் பரப்பையும் குழப்பாதீர்கள். அன்று மாவட்டத்துக்கு ஒன்றிரண்டு கல்லூரிகள். இன்று சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரத்தில் மட்டும் நூற்றுக்கும் மேல்.

நீலப்பேனா:
ஆராய்ச்சி என்றவுடன் எல்லாரும் கிண்டி அறிவியல் வளாகத்துக்கே ஓடுகிறீர்கள். சேப்பாக்கம், மெரினா வளாகங்களில் நடந்தது கண்ணில் படவில்லையா?

தமிழ்ப் பேரகராதி யாருடையது? 1913இல் அமெரிக்கப் பாதிரியார் சாண்ட்லர் தொடங்கி, 1926க்குப் பிறகு வையாபுரிப்பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து முடித்த வேலை. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், 1939இல் அனுபந்தம், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். ஒரு லட்சம் ரூபாயில் முடியும் என்று தொடங்கினார்கள், நான்கு லட்சத்தைத் தாண்டியது. ஒரு நிதிக்குழுவும் இன்று அதற்கு ஒப்புதல் தராது. பழைய நூல்களுக்கு வையாபுரிப்பிள்ளை காலம் குறித்த ஆராய்ச்சியோடு எனக்குச் சண்டை உண்டு, அது வேறு திரி. ஆனால் அகராதியில் ஒரு சொல்லுக்கு நேரே எந்த நூலில் எந்த இடத்தில் வந்தது என்று மேற்கோள் போட்டிருப்பதைப் பாருங்கள். இன்று இணையத்தில் தமிழ்ச் சொல் தேடும் பலர் தெரியாமலேயே அந்தப் பக்கங்களைத்தான் புரட்டுகிறார்கள்.

நீலகண்ட சாஸ்திரி 'சோழர்கள்' எழுதியது இங்கே வரலாற்றுப் பேராசிரியராக இருந்தபோது. எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் இங்கே நூலகர் ஆனார். கணக்கு வாத்தியார். நூலகப் பயிற்சிக்கு லண்டன் அனுப்பினார்கள். அங்கே ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுத் துண்டுகளைப் பார்த்தார்: அதே துண்டுகள், மாற்றி மாற்றிக் கோத்தால் வேறு வேறு பொம்மை. ஒரு பொருளைக் கூறுகளாகப் பிரித்து எண்களைக் கோத்து வகைப்படுத்தும் கோலன் முறைக்கான பொறி அங்கே கிடைத்தது. 1933இல் அது புத்தகமாக வந்தது. பரிசோதித்த இடம் இதே பல்கலை நூலகம். இவற்றுக்கெல்லாம் கல்லூரி இணைப்பு எங்கே குறுக்கே நின்றது?

கூவக்கரை:
நீலப்பேனா அம்மா, உங்கள் பட்டியலில் கடைசி ஆண்டு 1939. அதுதான் என் வழக்கே.

பேரேடு:
தணிக்கை வேலையில் இருந்தவன். எல்லாரும் பெருமை பேசி முடித்திருந்தால் கொஞ்சம் காசு பேசலாம்.

2024 பிப்ரவரியில் வருமானவரித் துறை இந்தப் பல்கலையின் வங்கிக் கணக்குகளை முடக்கியது நினைவிருக்கிறதா? கேட்ட வரி சுமார் 424 கோடி ரூபாய். சம்பளம் தடுமாறியது, பிறகு முடக்கம் விலகியது. வரி கேட்டதன் காரணத்தை மட்டும் கவனியுங்கள்: அரசு மானியம் மொத்த வரவில் பாதியைத் தொடவில்லை என்பதால், அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனம் என்ற விலக்கு கிடையாது என்றார்கள். பெயர் அரசுப் பல்கலை, பாதிக்கு மேல் சொந்த வருமானம். அந்தச் சொந்த வருமானம் எங்கிருந்து வருகிறது? தேர்வுக் கட்டணம், இணைப்புக் கட்டணம், தொலைதூரக் கல்வி. இதில் தொலைதூரக் கல்வி, எல்லைக்கு வெளியே மையம் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக்குழு சொன்னதிலிருந்து இளைத்துவிட்டது. தன்னாட்சி பெற்ற கல்லூரிகள் தேர்வைத் தாங்களே நடத்திக்கொள்கின்றன. ஓய்வூதியமும் இதே பையிலிருந்துதான்.

இந்த நிலையில் கூவக்கரை ஐயா மிஞ்சியிருக்கும் வருமானத்தையும் கழற்றச் சொல்கிறார். கழற்றிய மறுமாதம் கிண்டிவாசியின் எக்ஸ் கதிர்க் கருவிக்கு மின்கட்டணம் யார் கட்டுவது?

இன்னொன்று. பிரித்துப் பார்த்த அனுபவம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. 1978இல் கிண்டிப் பொறியியல் கல்லூரி, ஏ.சி. தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை மெட்ராஸ் தொழில்நுட்பக் கழகம் (எம்.ஐ.டி.), கட்டடக்கலைப் பள்ளி ஆகிய நான்கையும் சேர்த்து அண்ணா பல்கலைக்கழகம் ஆக்கினார்கள். இணைப்புக் கல்லூரி கிடையாது. நீங்கள் கேட்ட அதே வடிவம். 2001இல் என்ன நடந்தது? மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகள் இருநூற்றுக்கும் மேற்பட்டவற்றை அதன் தலையில் கட்டினார்கள். இணைப்பை ஓர் இடத்தில் கழற்றினால் அது இன்னோர் இடத்தில் போய் ஏறும்.

கூவக்கரை:
அண்ணா பல்கலை உதாரணத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் அது அரசு கையை வைத்ததால் நடந்தது. வடிவம் தவறு என்பதற்குச் சான்று ஆகாது. சென்னைப் பல்கலையில் 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் தேடல் குழுவை அமைப்பதில் ஆளுநரும் அரசும் முட்டிக்கொண்டார்கள். நாற்காலி காலி, குழு வைத்து நிர்வாகம். அப்போதும் தேர்வு நின்றதா? நிற்கவில்லை. நின்றது பேராசிரியர் நியமனம். இரண்டு வேலையையும் ஒரே வீட்டில் வைத்தால் நெருக்கடி வரும்போது எதைக் கைவிடுவார்கள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

விடைத்தாள் கட்டு:
இந்த ஒன்றில் நான் உங்கள் பக்கம் சாய்கிறேன். பல்கலையின் பெயர் வேண்டாம். ஒரு மதிப்பீட்டு முகாமில் என் பக்கத்து மேசையில் நல்ல ஆய்வாளர் ஒருவர், கோடை முழுவதும் விடைத்தாள் கட்டை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக உட்கார்ந்திருந்தார். எழுதியவர் யார் என்று தெரியாமல் இருக்கப் போலி எண் ஒட்டிய தாள், மதிப்பெண் பட்டியல், கையெழுத்து, அடுத்த கட்டு. அவருடைய கட்டுரை ஒன்று திருத்தம் கேட்டுத் திரும்பி வந்து மாதக்கணக்கில் பையிலேயே கிடந்தது. ஆனால் தீர்வு, கட்டை வேறு ஊருக்கு அனுப்புவது இல்லை. திருத்த ஆள் போடுங்கள். ஆய்வாளருக்கு முகாமிலிருந்து விலக்குக் கொடுங்கள்.

கிண்டிவாசி:
ஓய்வு பெற்றவர்களின் இடத்தையும் நிரப்புங்கள். எனக்கு இணைப்புக் கல்லூரி இடைஞ்சல் இல்லை. என் ஆய்வகத்தின் பக்கத்து மூன்று அறைகளில் பூட்டு தொங்குவதுதான் இடைஞ்சல்.

கூவக்கரை:
சரி, இறங்கி வருகிறேன். கல்லூரிகள் இருக்கட்டும். தேர்வுப் பிரிவுக்குத் தனி நிர்வாகம், தனிக் கணக்கு. அதில் வரும் உபரியில் ஒரு பங்கு துறைகளுக்கு என்று சட்டத்திலேயே எழுதுங்கள். துணைவேந்தர் இல்லாவிட்டாலும் நியமனம் நிற்காது என்பதையும் எழுதுங்கள். ஒப்புக்கொள்கிறீர்களா?

பேரேடு:
உபரி என்று ஒன்று இருந்தால் முதலில் ஓய்வூதியர்கள் வந்து வரிசையில் நிற்பார்கள், ஐயா. ஓய்வூதியப் பொறுப்பை அரசு ஏற்றுக்கொள்ளட்டும். அதற்குப் பிறகு உங்கள் தனிக் கணக்கை நானே உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.