கொலுசுப் பட்டறைக்கு டிஜிட்டல் தராசா, கோல் தராசா?

கேள்வி (சிவதாபுரம், சேலம்)
வீட்டில் வைத்துச் செய்பவர்களுக்குத் தினமும் 200 முதல் 500 கிராம் வெள்ளி எடை போட்டுக் கொடுக்கணும். திரும்பி வரும்போது கொலுசு, துண்டு, அரத்தூள் மூணையும் தனித்தனியா போட்டுச் சேதாரம் பார்க்கணும். இப்ப இருப்பது கோல் தராசு. 600 கிராம் வரை தாங்கும், 10 மில்லிகிராம் வரை காட்டும் டிஜிட்டல் வாங்கலாமா? ஏற்காட்டுக் கடைக்கும் அதையே கொண்டு போகலாம்னு யோசனை.

பதில் 1
வாங்குங்க, ஆனா கோல் தராசை விற்றுடாதீங்க. வாங்கும்போது தகட்டில் 'டி' (d, திரை காட்டும் மிகச் சின்ன அளவு) மட்டும் பார்க்காதீங்க, 'இ' (e, முத்திரைச் சோதனைக்குக் கணக்கில் எடுக்கும் அளவு) மதிப்பையும் பாருங்க. இரண்டாம் துல்லிய வகுப்புத் தராசில் 'இ' 100 மில்லிகிராம்னா 5 கிராமுக்குக் கீழே போடவே கூடாது. 10 மில்லிகிராம்னா 200 மில்லிகிராம் வரை இறங்கலாம். திருகாணி எடைக்கு இது முக்கியம்.

ஆன் செய்து அரை மணி நேரம் விடுங்க. நீர்மட்டக் குமிழ் நடுவில் நிற்கணும். மின்விசிறிக் காற்று தட்டில் படக் கூடாது. பற்றவைத்த சூட்டோட கொலுசை வைத்தால் மேலெழும் காற்று எடையைக் குறைத்துக் காட்டும். கழுவின ஈரம் இருந்தா கூடுதலா காட்டி, காயக் காய இறங்கும்.

பதில் 2
அரத்தூள்தான் டிஜிட்டலில் ஏமாற்றும் இடம். பெரும்பாலான தராசுகள் பூஜ்யத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். காலித் தட்டில் தூளைக் கொஞ்சம் கொஞ்சமா தூவினால் அதைத் தன்னோட விலகல்னு நினைத்துப் பூஜ்யத்திலேயே நிற்கும். முதலில் 20 கிராம் எடைக்கல்லை வைங்க, டேர் (தட்டில் இருப்பதைப் பூஜ்யமாக்கும் பொத்தான்) அழுத்தாதீங்க, அதோட மேல் தூளைப் போட்டுக் கடைசியில் 20-ஐக் கழிங்க. இல்லன்னா மொத்தத் தூளையும் காகிதத்தில் சேர்த்து ஒரே தடவையா வைங்க.

பதில் 3
ஏற்காட்டு விஷயத்தை யாரும் தொடலையே. சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. மேலே ஈர்ப்பு விசை குறைவு. டிஜிட்டல் அளப்பது விசையை. கீழே சரிசெய்த தராசு மேலே 500 கிராமுக்கு ஏறத்தாழ 0.12 முதல் 0.19 கிராம் வரை குறைத்துக் காட்டும். வேலை செய்தவர் மேல் சேதாரப் பழி விழுந்தா அது அநியாயம். கோல் தராசில் இந்தச் சிக்கலே இல்லை. வெள்ளி, கல் இரண்டின் மேலும் ஈர்ப்பு ஒரே அளவில் குறையும். மேலே தனித் தராசு வைத்து, அங்கேயே சரிபார்த்து எடையளவுத் துறை முத்திரை வாங்குங்க. சீலை நீங்களே உடைத்துச் சரிசெய்யாதீங்க. முத்திரை டிஜிட்டலுக்கு 12 மாதம், கோல் தராசுக்கும் கல்லுக்கும் 24 மாதம்.

பதில் 4
பழைய தராசையும் சோதிங்க. கொலுசையும் கல்லையும் சமமாக்கிவிட்டுத் தட்டு மாற்றி வைங்க. முள் விலகினா கை நீளம் சமமில்லை. அப்போ ஒரு தட்டில் கொலுசு, எதிர்த்தட்டில் மணல் வைத்துச் சமமாக்கி, கொலுசை எடுத்துவிட்டு அதே இடத்தில் கற்களை வைங்க. கை கோணலா இருந்தாலும் எடை சரியா வரும். 500 கிராம் பாரத்தில் 50 மில்லிகிராம் கூடுதலா வைத்தும் முள் அசையலைன்னா கத்திமுனை (கோல் தாங்கி ஆடும் கூர்விளிம்பு) மழுங்கிவிட்டது.

கேள்வி கேட்டவர்
சோதிக்க எந்தக் கல் வாங்கணும்?

பதில் 3
எஃப்2 (F2) வகுப்பு. எஃப்2, எம்1 (M1) எல்லாம் எடைக்கல்லின் துல்லிய வகுப்புகள். 500 கிராம் கல்லில் எம்1 என்றால் 25 மில்லிகிராம் வரை பிழை இருக்கலாம், அது உங்க தராசின் நுணுக்கத்தைவிடப் பெரிசு. எஃப்2-வில் 8 மில்லிகிராம்தான். இடுக்கியால் மட்டும் எடுங்க.