ரூஃப் ரேக்கில் ஆன்டெனா: எவ்வளவு வெட்டியும் எஸ்.டபிள்யூ.ஆர் இறங்கவில்லை

ஓசூர் ரோடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெச்சூர் ரேடியோ உரிமம் பெற்று ஓராண்டு ஆகிறது. பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் நான் வாரந்தோறும் கிருஷ்ணகிரிக்குக் காரில் சென்று வருவதால், வழியில் பேசலாம் என்று இரண்டு மீட்டர் அலைவரிசைக்கான 50 வாட் செட் ஒன்றை வண்டியில் பொருத்தினேன். கூரையில் துளையிட மனம் வரவில்லை. ரூஃப் ரேக்கின் குறுக்குக் கம்பியில் ஒரு பிராக்கெட்டை இறுக்கி, அதில் கால் அலைநீள எஃகுக் கம்பி ஆன்டெனாவை வைத்து, ஐந்து மீட்டர் ஆர்.ஜி.58 கேபிளை (நடுக்கம்பியைச் சுற்றி உலோக உறை உள்ள கோஆக்சியல் கேபிள்) பின்கதவு வழியாக உள்ளே கொண்டு வந்தேன்.

145 மெகாஹெர்ட்ஸில் எஸ்.டபிள்யூ.ஆர் (அனுப்பிய திறன் ஆன்டெனாவில் ஏறாமல் எவ்வளவு திரும்புகிறது என்பதைக் காட்டும் அளவு, 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 2.3 காட்டியது. கம்பி நீளமாக இருக்கிறது என்று நினைத்து, 51 சென்டிமீட்டராக இருந்ததை இரண்டு தவணையாக வெட்டி 47-க்குக் கொண்டு வந்துவிட்டேன். அளவு சற்றே அசைந்ததே தவிர 2-க்குக் கீழே வரவில்லை. என்னைக் குழப்புவது வேறொன்று: சீட்டுக்கு அடியில் கிடக்கும் கேபிளைக் கையால் நகர்த்தினாலே மீட்டரின் முள் ஆடுகிறது, மழை நாளில் இன்னொரு அளவு காட்டுகிறது. பிராக்கெட்டுக்கும் வண்டியின் பாடிக்கும் இடையே மல்டிமீட்டரில் 0.4 ஓம்தான் வருகிறது, ஆகவே எர்த் சரியாக இருப்பதாகவே நினைக்கிறேன். இது தவிர, இன்ஜின் ஓடும்போது என் குரலோடு ஒரு கீச்சொலியும் சேர்ந்து வருவதாக எதிர்முனையில் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

அல்சூர் ஏரிக்கரை எழுதியது:

நண்பரே, முதலில் கத்தரியைக் கீழே வையுங்கள். கேபிளைத் தொட்டால் அளவு மாறுகிறது என்று நீங்கள் எழுதிய ஒரு வரியே நோயைச் சொல்லிவிட்டது. கால் அலைநீளக் கம்பி என்பது பாதி ஆன்டெனாதான். மற்றப் பாதி அதன் அடியில் இருக்கும் உலோகப் பரப்பு. அந்தப் பரப்பு கிடைக்காதபோது மின்னோட்டம் திரும்பும் வழியைத் தேடிக் கேபிளின் வெளி உறையின் மேற்புறமாக ஓடத் தொடங்கும், அப்போது உங்கள் கேபிளும் ஆன்டெனாவின் ஓர் உறுப்பாகிவிடும். அதை நகர்த்தினால் ஆன்டெனாவையே நகர்த்தியதாகும், முள் ஆடாமல் என்ன செய்யும்?

0.4 ஓம் வந்ததே என்று கேட்பீர்கள். அளக்கும்போது கேபிள் செட்டில் மாட்டியிருந்ததா? மாட்டியிருந்தால், பிராக்கெட்டிலிருந்து கேபிளின் உறை வழியாகச் செட்டின் உடலுக்கும், அங்கிருந்து நெகட்டிவ் வயர் வழியாகப் பாடிக்கும் போய்ச் சுற்றி வந்த பாதையைத்தான் மீட்டர் அளந்திருக்கிறது. செட்டிலிருந்து கேபிளைக் கழற்றிவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். ரேக்கின் கால்களுக்கு அடியில் ரப்பர் இருக்கும், குறுக்குக் கம்பியின் மேல் பவுடர் பூச்சு இருக்கும். இரண்டும் மின்சாரத்தைக் கடத்தாதவை.

அளவு சரியாக வந்தாலும் அத்துடன் நிற்க வேண்டாம். மல்டிமீட்டருக்கு எர்த்தாகத் தெரிவது 145 மெகாஹெர்ட்ஸுக்கு எர்த்தாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த அலைவரிசையில் அலைநீளம் ஏறக்குறைய 2.07 மீட்டர், அதில் கால் பங்கு 52 சென்டிமீட்டர். பிராக்கெட்டிலிருந்து அரை மீட்டர் வயரை இழுத்துத் தொலைவில் உள்ள ஒரு போல்ட்டில் முடிந்தால், அந்த நீளத்தில் அது இணைப்பைப் போலன்றித் தடையைப் போலவே நடந்துகொள்ளும். ஆகவே எர்த் பட்டை சில சென்டிமீட்டருக்கு மேல் போகாமலும், உருண்டை வயராக இல்லாமல் அகலமான செம்புப் பின்னலாகவும் இருக்க வேண்டும்.

இன்னொரு கணக்கையும் மனத்தில் கொள்ளுங்கள். ஐந்து மீட்டர் ஆர்.ஜி.58 கேபிள் இந்த அலைவரிசையில் ஏறத்தாழ 1 டெசிபெல்லை விழுங்கும். போகும் திறனும் குறையும், திரும்பி வரும் திறனும் குறையும். அதனால் ஆன்டெனாவின் அடியில் 3 ஆக இருப்பது செட்டின் முனையில் 2.3 என்று தெரியும். நீங்கள் கண்ட 2.3 உண்மையில் அதைவிட மோசமானது. 3 என்றால் போன திறனில் கால் பங்கு திரும்பி வருகிறது என்று பொருள். மிச்சக் கேபிளைச் சீட்டுக்கு அடியில் சுருட்டி வைக்காமல், தேவையான நீளத்துக்கு வெட்டிப் புதுக் கனெக்டர் போடுங்கள்.

எஸ்.பி. ரோடு வாடிக்கையாளன் எழுதியது:

மேலே ஐயா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, ஆனால் ரேக்கை எர்த் செய்யும் சிரமத்துக்கு ஏன் போக வேண்டும்? காந்த அடிப்பாகம் கொண்ட மவுன்ட் ஒன்றைக் கூரையின் நடுவில் வைத்தால் முடிந்தது. அதன் அடித்தட்டும் கூரைத் தகடும் நடுவிலுள்ள பெயின்ட்டும் சேர்ந்து ஒரு கெப்பாசிட்டராகின்றன. 145 மெகாஹெர்ட்ஸில் அதன் தடை சில ஓம்களே என்பதால் பெயின்ட்டைச் சுரண்ட வேண்டிய தேவை எழாது. (ஏழு மெகாஹெர்ட்ஸுக்கு இந்த உபாயம் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) கூரை எஃகாக இருந்து, கண்ணாடி சன்ரூஃப் குறுக்கே வராமல் இருந்தால் இதுவே எளிய வழி. தூசியைத் துடைத்துவிட்டு வைக்க வேண்டும், இல்லையேல் கூரையில் கீறல் விழும்.

எர்த் பரப்பே தேவைப்படாத அரை அலைநீள ஆன்டெனாவும் உண்டு. ஆனால் அது ஒரு மீட்டர் உயரம் நிற்கும். எங்கள் அடுக்குமாடியின் அடித்தள பார்க்கிங்கில் உத்தரத்தில் இடித்து ஒன்றை நான் வளைத்திருக்கிறேன்.

கனெக்டர் வாங்கும்போது ஒரு கவனம்: எஸ்.பி. ரோடு மின்னணுக் கடைகளில் விலை மலிவாகக் கிடைக்கும் பி.எல்.259-களில் (கேபிளின் முனையில் போடும் கனெக்டர்) பலவற்றின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக், சால்டர் வைத்த சூட்டிலேயே இளகி நடு ஊசி சாய்ந்துவிடும். டெஃப்லான் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். கேபிளை முன்பக்கம் கொண்டு போகும்போது, பக்கவாட்டுத் தூண்களில் திரை ஏர்பேக் இருக்கிறதா என்று பார்த்து, அதன் குறுக்கே போகாமல் ஒதுக்குங்கள்.

ஓசூர் ரோடு எழுதியது:

இருவருக்கும் நன்றி. கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி அளந்தேன். ஐயா சொன்னது போலவே பிராக்கெட்டுக்கும் பாடிக்கும் இடையே தொடர்பே இல்லை, மீட்டர் அசையவில்லை. இத்தனை நாள் செட் வழியாகச் சுற்றி வந்த எர்த்தை நம்பி ஏமாந்திருக்கிறேன்.

என் வண்டியின் கூரை நடுவில் பெரிய சன்ரூஃப் இருப்பதால் காந்த மவுன்ட்டுக்கு இடமில்லை. ஆகவே பிராக்கெட்டைப் பின்கதவின் மேல் விளிம்புக்கு மாற்றினேன். அதன் சிறு திருகுகள் பதியும் இடத்தில் மட்டும், வெளியே தெரியாத உட்பக்கத்தில், உப்புத்தாளால் பெயின்ட்டைத் தேய்த்து வெறும் தகடு தெரியும்படி செய்தேன். கதவின் கீல்களில் கிரீஸும் பெயின்ட்டும் இருந்ததால், கீலுக்குப் பக்கத்தில் கதவையும் பாடியையும் ஒரு குட்டைச் செம்புப் பின்னலால் இணைத்தேன். இப்போது கேபிளைப் பிடித்து இழுத்தாலும் அளவு மாறவில்லை! ஆனால் நண்பர் ஒருவரின் நானோ வி.என்.ஏ-வில் (ஒவ்வோர் அலைவெண்ணிலும் எஸ்.டபிள்யூ.ஆரை வரைந்து காட்டும் சிறு கருவி) பார்த்தபோது பள்ளம், அதாவது எஸ்.டபிள்யூ.ஆர் மிகக் குறையும் இடம், 152 மெகாஹெர்ட்ஸில் விழுகிறது.

அல்சூர் ஏரிக்கரை எழுதியது:

பள்ளம் மேலே போயிருந்தால் கம்பி குட்டையாகிவிட்டது என்று பொருள். நீங்கள் எர்த் இல்லாத நிலையில் வெட்டியதன் விளைவு அது. இருக்கும் நீளத்தைப் பள்ளம் விழும் அலைவெண்ணால் பெருக்கி, வேண்டிய அலைவெண்ணால் வகுத்தால் தேவையான நீளம் கிடைக்கும்: 47-ஐ 152-ஆல் பெருக்கி 145-ஆல் வகுத்தால் 49.3 சென்டிமீட்டர். புதுக் கம்பி வாங்குங்கள். அதை 51-இல் தொடங்கினால் பள்ளம் 140-க்கு அருகில் தெரியும். பிறகு ஒரு தடவைக்கு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வெட்டாமல், ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் அளந்து மேலே வாருங்கள். அளக்கும்போது பின்கதவு மூடியிருக்க வேண்டும், வண்டி திறந்த வெளியில் நிற்க வேண்டும். அடித்தள பார்க்கிங்கின் கம்பிகளுக்கு நடுவே எடுத்த அளவை நம்பாதீர்கள். நானோ வி.என்.ஏ-வை நீங்கள் பயன்படுத்தும் கேபிளின் முனையில் வைத்தே ஓப்பன் (திறந்த முனை), ஷார்ட் (இணைத்த முனை), லோடு (50 ஓம் தடை) மூன்றையும் காட்டி அளவீடு செய்துகொள்ள வேண்டும்.

1.0 வர வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். நல்ல எர்த் பரப்பின் மேல் நிற்கும் கால் அலைநீளக் கம்பியின் மின்தடை சுமார் 36 ஓம், கேபிளோ 50 ஓம். இரண்டும் சேர்ந்து 1.4 வருவதுதான் இயல்பு. அதில் திரும்புவது 3 சதவீதத்துக்கும் குறைவு.

கீச்சொலிக்குக் காரணம் அநேகமாக ஆல்டர்னேட்டர். டேஷ்போர்டுக்கு அடியிலுள்ள ஏதோ ஒரு வயரிலிருந்து மின்சாரம் எடுத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். பாசிட்டிவை நேராகப் பேட்டரியிலிருந்து, பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் போட்டு எடுங்கள். நெகட்டிவைப் பேட்டரியின் கம்பம் (டெர்மினல்) மீது வைக்காமல், பேட்டரியின் நெகட்டிவ் கேபிள் பாடியில் முடியும் அதே போல்ட்டில் வையுங்கள். புதிய வண்டிகளில் கம்பத்தின் மேல் மின்னோட்டத்தை அளக்கும் உணரி இருப்பதுதான் காரணம்.

ஓசூர் ரோடு எழுதியது:

புதுக் கம்பி 49.4 சென்டிமீட்டரில் நின்றது. 145 மெகாஹெர்ட்ஸில் 1.4, ஐந்து வாட்டிலும் ஐம்பது வாட்டிலும் ஒரே அளவு. ஊகம் சரிதான், பழைய வயரைச் சிகரெட் லைட்டரிலிருந்துதான் எடுத்திருந்தேன். பேட்டரிக்கு மாற்றியதும் கீச்சொலி போய்விட்டது. பெயின்ட் தேய்த்த இடம் மழையில் துருப்பிடிக்குமே, என்ன பூசுவது?

எஸ்.பி. ரோடு வாடிக்கையாளன் எழுதியது:

திருகுகளை இறுக்கிய பிறகு, சுற்றிலும் வெளிப்பட்ட தகட்டின் மேல் மெல்லிய கிரீஸ் பூசினால் போதும். இறுக்குவதற்கு முன் பெயின்ட் பூசிவிடாதீர்கள். பி.எல்.259 தண்ணீர் புகாத கனெக்டர் அல்ல, அதன் மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். கேபிள் கதவின் ரப்பரைத் தாண்டி உள்ளே நுழைவதற்கு முன் சற்றே தாழ்ந்து தொங்கும்படி விடுங்கள், மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.