மாற்று கோல்கீப்பராகக் காத்திருந்த மூன்று ஆண்டுகள்

ஒன்பது ஆண்டுகள் கால்பந்து கோல்கீப்பராக ஆடினேன்; அவற்றில் முதல் மூன்றும் பெரும்பாலும் மாற்று வீரர்களின் பெஞ்சிலேயே கழிந்தன. முன்கள வீரர் சோபிக்காவிட்டால் கடைசி 20 நிமிடங்களுக்கு இன்னொருவரை இறக்குவார்கள், ஆனால் கோல்கீப்பரை அப்படி மாற்றுவது அரிது என்பதால், முதல் கோல்கீப்பர் காயமடைந்தாலோ சிவப்பு அட்டை பெற்றாலோதான் நமக்கு வழி பிறக்கும். நாம் மதிக்கும் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால்தான் நமக்கு வாய்ப்பு என்ற நிலை மனத்தை மிகவும் வருத்தக்கூடியது.

எங்கள் முதல் கோல்கீப்பரை அண்ணன் என்றே அழைப்போம். 1992-இல், சக வீரர் வேண்டுமென்றே காலால் அனுப்பும் பந்தைக் கோல்கீப்பர் கையால் பிடிக்கக் கூடாது என்ற விதி வந்தபோதே ஆடிக்கொண்டிருந்தவர். அதற்காகக் கால் ஆட்டத்தைப் புதிதாகக் கற்றுக்கொண்டவர். ஒரு போட்டியில் அவருடைய விரல் முறிந்தது. நான் களம் இறங்கினேன். எதிரணியின் முதல் கார்னரிலேயே, அதாவது களத்தின் மூலையிலிருந்து அவர்கள் உதைத்த பந்திலேயே, கோல் கோட்டில் நிற்பதா, முன்னேறிச் சென்று பந்தைக் குத்துவதா என்று தயங்கிப் பாதி வழியில் நின்றுவிட்டேன். பந்து என் தலையைக் கடந்து போனது. பின்னால் நின்ற எதிரணி வீரர் அதை எளிதாக வலைக்குள் தள்ளினார். நடுக்கள வீரர் பந்தை இழந்தால் மீட்க இன்னொருவர் இருப்பார். எனக்குப் பின்னால் வலை மட்டுமே இருந்தது.

அன்று மாலை அண்ணன், "வெளியே வந்தால் பந்தைத் தொட்டே ஆகணும் தம்பி. பாதியில் மட்டும் நிற்காதே" என்றார். மறுநாள் காலை, கட்டுப் போட்ட வலக்கையை மார்போடு அணைத்துக்கொண்டு, இடக்கையால் எனக்குப் பந்துகளை உயர எறிந்து பயிற்சி கொடுத்தார். அவருடைய இடத்தை எடுத்துக்கொண்டவனுக்கு அவர் செய்த அந்த உதவியை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் உள்ள கோலைக் காக்க வேகம் மட்டும் போதாது. உதைப்பவரின் இடுப்பையும் ஊன்றிய காலையும் பார்த்துப் பந்தின் திசையைக் கணிக்கும் பழக்கம் வயதோடுதான் வருகிறது. இத்தாலியின் டினோ சோஃப் 1982-இல் 40 வயதில் அணித் தலைவராக உலகக் கோப்பையை வென்றதும், எகிப்தின் எஸ்ஸாம் எல் ஹதாரி 2018 உலகக் கோப்பையில் 45 வயதில் பெனால்ட்டி ஒன்றைத் தடுத்ததும் எனக்கு வியப்பளிக்கவில்லை.

எட்டு வாரங்களில் அண்ணன் திரும்பினார். நான் மறுபடியும் பெஞ்சுக்குப் போனேன். காலைப் பயிற்சிகளில் அவருக்குப் பந்தெறிந்தது நான்தான்.